எரிசக்தி மையம் ஒரு பக்கம், ஊரின் சொந்தக் கணக்கு மறுபக்கம்: திருகோணமலையைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் போகிறார்கள், சம்பூரில் சூரிய மின்நிலையம் வருகிறது, இவற்றுக்கு அப்பால் இந்த நகரமும் அதைச் சூழ்ந்த ஊர்களும் தூய சக்திக்கும் சுற்றாடலுக்கும் தாமாகச் செய்யக்கூடியது ஏதாவது உண்டா, அல்லது கொழும்பு தீர்மானிப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் வழியா? கேட்டவர் கடைசியில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் இருந்து மின்சாரம் எடுக்க முடியாதா என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதற்கும் முடிவில் வருகிறேன்.

செய்யக்கூடியவை நிறைய உள்ளன. ஆனால் அவை நாம் வழமையாகத் தேடும் இடத்தில் இல்லை. எத்தனை மெகாவாட் நிலையம், எந்த நாட்டு நிறுவனம், ஒரு அலகுக்கு என்ன விலை என்பவை இந்த மாவட்டத்தில் தீர்மானிக்கப்படுவதில்லை. இன்னும் சில காலத்துக்கு அப்படித்தான் இருக்கும். கிடைக்கும் மின்சாரத்தை நாளின் எந்த நேரத்தில் செலவழிக்கிறோம், எந்தக் காணியைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்க மறுக்கிறோம், தண்ணீரையும் கழிவையும் கரையோரத்தையும் எப்படிக் கையாளுகிறோம் என்பவற்றில் பெரும்பகுதி இங்கேயே தீர்மானிக்கப்படக்கூடியது. ஒரு நகரப் பிரதேசத்தின் பங்கு இந்த இரண்டாவது வகைக்குள்தான் அடங்குகிறது என்பது என் கருத்து. பேச்சு முழுவதும் முதல் வகையைப் பற்றியே நடப்பதால், இரண்டாவதை யாரும் பொறுப்பெடுப்பதில்லை.

முதலில் 'எரிசக்தி மையம்' என்ற சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமரின் இலங்கைப் பயணத்தின்போது, இரண்டு வேறு விடயங்கள் ஒரே நாளில் நடந்தன. ஒன்று, திருகோணமலையை எரிசக்தி மையமாக அபிவிருத்தி செய்வதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் செய்துகொண்ட புரிந்துணர்வு உடன்படிக்கை. மற்றது, சம்பூர் சூரிய மின்நிலையத்துக்கான ஆரம்ப நிகழ்வு. மக்கள் மனத்தில் இவை இரண்டும் ஒன்றாகிவிட்டன. உண்மையில் முதலாவதன் நடுவில் இருப்பது எண்ணெய். நகரத்தை அடுத்த சீனக்குடாவில் பிரித்தானியர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பயன்படுத்திய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் செய்யப்பட்ட ஏற்பாட்டின்படி அவற்றில் 61 தாங்கிகள் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும், இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசியும் இணைந்த ஒரு கூட்டுக் கம்பனிக்கும், 14 லங்கா ஐஓசிக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும் என்று பிரிக்கப்பட்டன. இவற்றோடு எண்ணெய்க் குழாய்ப்பாதை பற்றிய திட்டமும் சேர்ந்ததே 'மையம்' என்பது. நாட்டின் எரிபொருள் பாதுகாப்புக்கு அதில் பயன் இருக்கலாம். 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்றவர்கள் அதை எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். ஆயினும் ஓர் எண்ணெய்க் களஞ்சியம் அமைந்திருக்கும் ஊர் என்பதனால் மட்டும் அந்த ஊர் தூய சக்திக்கு மாறிவிட்டதாக ஆகாது. துறைமுகம் ஆழமாக இருப்பது நம் முயற்சியால் வந்ததன்று. அதற்காக வருகிற திட்டங்களும் அப்படியே.

சம்பூரின் கதை இதைவிடச் சிக்கலானது, அதனால் இங்கே சற்று நின்று செல்ல வேண்டும். 2006இல் போரினால் அப்பகுதி மக்கள் முழுமையாக இடம்பெயர்ந்தார்கள். அதே காலத்தில் இந்தியத் தேசிய அனல்மின் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அங்கே 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைப்பது என்ற திட்டம் உருவானது. மக்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த ஆண்டுகளில் அவர்களுடைய ஊரின் பெரும்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாகவும், முதலீட்டு வலயமாகவும், கடற்படை முகாமாகவும், அனல்மின் நிலையக் காணியாகவும் வரைபடங்களில் பிரிக்கப்பட்டது. முதலீட்டுக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015இலும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016இலும் விடுவிக்கப்பட்டன. நிலக்கரித் திட்டத்துக்கு எதிராகச் சுற்றாடல் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்தை நாடியிருந்த நிலையில், 2016 செப்டெம்பரில் அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிடுவதாக நீதிமன்றத்துக்கு அறிவித்தது. கொட்டியாரக் குடாவுக்குள் நிலக்கரிக் கப்பல்கள் வந்து போவதும், குளிரூட்டப் பயன்பட்ட சூடான கடல்நீர் மீண்டும் கடலுக்குள் விடப்படுவதும், சாம்பல் மேடுகள் மழைக்குக் கரைவதும் நடக்காமல் போனது இந்தக் கடலை நம்பியிருக்கும் மீனவருக்குக் கிடைத்த பெரிய நிவாரணம் என்றே கருதுகிறேன். புத்தளத்தில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையத்தின் அயலில் வாழ்பவர்களிடம் கேட்டால் அந்த நிவாரணத்தின் பெறுமதி விளங்கும்.

அதே இடத்துக்கு இப்போது அதே இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக, முதலில் 50 மெகாவாட், பின்னர் 70 மெகாவாட் என்று 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது. நிலக்கரியில் இருந்து சூரியனுக்கு மாறியது நல்ல மாற்றம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மாறியது எரிபொருள் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். காணி எடுக்கப்பட்ட முறை மாறவில்லை. மாடு மேய்த்தவரும் சேனை செய்தவரும் விறகு எடுத்தவரும் அந்தக் காணிக்குள் மீண்டும் போக முடியாத நிலை மாறவில்லை. சூரிய நிலையத்துக்கு ஒரு மெகாவாட்டுக்குச் சில ஏக்கர் காணி தேவைப்படுகிறது. ஆகவே சூரியசக்தி வளர வளர, புகையைப் பற்றிய பழைய சண்டையின் இடத்தைக் காணியைப் பற்றிய சண்டை எடுத்துக்கொள்ளும். அது எதிர்காலத்தில் வரப்போகும் ஒன்றல்ல. 2025இல் முத்துநகர் விவசாயிகள், தாம் நெடுங்காலமாகப் பயிர்செய்து வந்த, துறைமுக அதிகாரசபைக்கு உரியதாகக் கூறப்படும் வயல்கள் சூரிய மின் திட்டங்களுக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்து மாவட்டச் செயலகத்தின் முன்னாலும் கொழும்பிலும் போராடினார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய குளம் மூடப்பட்டது என்பதே அவர்களுடைய முறைப்பாட்டின் நடுப்புள்ளி. தூய சக்திக்காகக் குளத்தை மூடுவது சூழல்நேய மாற்றம் என்ற கணக்கில் எந்த வகையிலும் சேராது.

இந்த இடத்தில் ஒரு நகரப் பிரதேசம் செய்யக்கூடிய முதற் காரியம் தெளிவாகிறது. முதலீட்டாளர் வந்து காணி கேட்ட பிறகு பதற்றப்படாமல், அவர் வருவதற்கு முன்னரே மாவட்டம் தன் காணிகளைப் பார்த்து வகைப்படுத்தி வைக்க வேண்டும். பெரும்போகமும் சிறுபோகமும் விளையும் வயல், குளங்களின் நீரேந்து பகுதி, மேய்ச்சல் தரை, யானைகள் நடமாடும் வழி, கண்டல் (அலையாத்தி) காடு, கோயில் பள்ளிவாசல் விகாரைகளுக்குரிய நிலம் ஆகியவை எவ்விதத்திலும் தொடப்படாதவை என்று முதலில் கோடு போட்டுவிட வேண்டும். எஞ்சியதில் தரிசும் கைவிடப்பட்ட தொழிற்சாலை வளாகமும் களஞ்சியக் கூரைகளும் எத்தனை ஏக்கர் வருகின்றன என்று கணக்கிட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பதினொரு பிரதேச செயலகங்களிலும் காணி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள்; கிராம அலுவலருக்கு எந்தப் பற்றையில் யார் மாடு மேய்க்கிறார் என்பது தெரியும்; மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு கூடத்தான் செய்கிறது. அந்த அறிவை ஒரே வரைபடத்தில் கொண்டுவந்து, மூன்று மொழிகளிலும் சுவரில் ஒட்டிவிட்டால், பின்னர் வருகிற சச்சரவுகளில் பாதி குறையும். அதற்குப் பிறகும் காணி தேவைப்பட்டால், தகடுகளைச் சற்று உயர்த்திப் பொருத்தி அவற்றின் கீழே ஆடு மேய்வதற்கு இடம்விடும் ஏற்பாட்டை நிபந்தனையாகக் கேட்கலாம். பல நாடுகளில் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது, தகடுகளின் கீழே வளரும் புல்லை வெட்டும் செலவும் மிச்சமாகிறது.

இனி நேரம் பற்றிய விடயம். இந்தப் பதிலில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுவே. ஆனால் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது.

2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற பெயரில் கூரைச் சூரியசக்தித் திட்டம் தொடங்கிய பிறகு, வீடுகளிலும் விடுதிகளிலும் தகடுகள் பெருகி, 2025 அளவில் நாட்டின் கூரைகளில் மட்டும் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சேர்ந்துவிட்டது. இதன் விளைவாக ஒரு புதுவிதமான சிக்கல் தோன்றியது. நல்ல வெயிலும் விடுமுறையும் சேர்ந்து வரும் நாளில் நண்பகலில் மின்சாரம் தேவைக்கு மிஞ்சிக் கிடக்கிறது. மாலை ஆறரை மணிக்குப் பிறகு தட்டுப்பாடாகிறது. 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. குரங்கைப் பற்றி எல்லோரும் சிரித்தார்கள். கோளாறு அவ்வளவு தூரம் பரவியதற்குக் காரணம் வேறு: மின்சாரத் தேவை குறைந்த அந்த நேரத்தில் சூரியசக்தியின் பங்கு மிக அதிகமாகவும், மின்தொகுதியின் அதிர்வெண்ணைச் சீராகத் தாங்கிப்பிடிக்கும் மின்நிலையங்களின் பெரிய சுழலிகளின் பங்கு குறைவாகவும் இருந்தது. அதன் பிறகு வந்த சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைத் தகடு வைத்திருப்பவர்கள் பகலில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே வேண்டுகோள் விடுத்தது. வெயில் இலவசமாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அன்றிரவே டீசல் எரித்து விளக்கேற்ற வேண்டிய நிலை.

இந்தச் சிக்கலை மின்கலத் தொகுதிகள் தீர்க்கும் என்று சொல்வார்கள். தீர்க்கும்தான், அவற்றின் விலையும் இறங்கி வருகிறது. ஆனால் திருகோணமலை போன்ற ஊருக்கு அதைவிட மலிவான மின்கலங்கள் கையிலேயே இருக்கின்றன: ஐஸ் கட்டியும், தண்ணீர்த் தாங்கியும்.

ஐஸை எடுத்துக்கொள்வோம். மீன்பிடியை நம்பிய கரையோரம் எங்கும் ஐஸ் இல்லாமல் ஒரு நாளும் நகராது. ஒரு தொன் ஐஸ் உறையவைக்க ஏறத்தாழ 50 முதல் 80 அலகு மின்சாரம் செல்கிறது. நாளொன்றுக்குப் பத்துத் தொன் உற்பத்தி செய்யும் ஒரு தொழிற்சாலை நாளுக்கு 500 முதல் 800 அலகு எடுக்கும் என்று வையுங்கள். நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு அலகு தருகிறது. ஆகவே 125 முதல் 200 கிலோவாட் வரை கொண்ட ஒரு கூரை அந்தத் தொழிற்சாலையை ஓட்டப் போதுமானது. முக்கியமானது என்னவென்றால், ஐஸை எந்த நேரத்தில் உறையவைத்தாலும் அது ஐஸ்தான். காலை ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை முழு வேகத்தில் உறையவைத்து, வெப்பம் புகாத அறையில் அடுக்கிவிட்டால், வள்ளங்கள் புறப்படும் மாலையில் மோட்டாரைத் தொடவே தேவையில்லை. இன்று பல இடங்களில் இதற்கு நேர்மாறாக நடப்பதற்குக் காரணம் தொழிற்சாலைக்காரரின் அறியாமை அன்று. நேரத்துக்கேற்ற கட்டணமுறை அவரை இரவு பத்தரை முதல் அதிகாலை ஐந்தரை வரை ஓட்டத் தூண்டுகிறது. அந்தக் கட்டணம் நிலக்கரி நிலையங்கள் இரவு முழுவதும் எரிந்துகொண்டிருந்த காலத்தின் தருக்கத்தில் வகுக்கப்பட்டது. நண்பகல் வேளை மிகை வேளையாகிவிட்ட பிறகு, மலிவுக் கட்டணம் நண்பகலுக்கு நகர வேண்டும். இதைத் தீர்மானிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவே என்றாலும், அது கட்டணத் திருத்தத்தின்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறது. திருகோணமலை மீனவர் சங்கங்களும் வர்த்தகர் சங்கங்களும் ஒன்றாக அங்கே சென்று இந்த ஒரு கோரிக்கையை முன்வைக்கலாம்.

தண்ணீரும் இதே வகைதான். நகரத்தின் குழாய்நீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. சுத்திகரித்து, நாற்பது கிலோமீற்றர் அளவு தூரம் செலுத்தி, உயரத் தாங்கிகளில் ஏற்ற வேண்டும். ஆயிரம் லீற்றர் தண்ணீரை முப்பது மீற்றர் உயர்த்த எட்டில் ஒரு அலகு மின்சாரம் போதும். ஒரு நகரத்தின் நாளாந்தத் தேவைக்கு அதைப் பெருக்கினால் அது சிறிய தொகையன்று. தாங்கிகள் சற்றுப் பெரிதாக இருந்தால், வெயில் நேரத்தில் முழுவதையும் ஏற்றிவைத்து, இரவில் தண்ணீர் தன் பாட்டில் இறங்கும்படி விடலாம். அரிசி ஆலைகள் நெல் குற்றுவதையும், குளிர்களஞ்சியங்கள் ஆழ்குளிரூட்டுவதையும், தோட்டக் கிணறுகளில் நீர் இறைப்பதையும் இவ்வாறே பகலுக்கு நகர்த்தலாம். வீடுகளில் செய்யக்கூடியது குறைவு. துணி தோய்க்கும் இயந்திரத்தையும் நீரிறைக்கும் மோட்டாரையும் பகலில் போடலாம், அவ்வளவுதான். ஆறரையிலிருந்து பத்தரை வரை விசிறியும் விளக்கும் தொலைக்காட்சியும் இல்லாமல் இருங்கள் என்று ஒரு குடும்பத்திடம் கேட்பது நியாயமன்று; ஆகவே நகர்த்தக்கூடிய பெரிய மோட்டார்களை நகர்த்துவதே அறிவுடைமை.

இதில் திருகோணமலைக்கு இயற்கையே ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிரம்புவது சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை. அதே மாதங்களில்தான் கச்சான் காற்று வீசுகிறது, வானம் வெளித்திருக்கிறது, தகடுகள் உச்ச அளவில் உற்பத்தி செய்கின்றன. விடுதிகளின் குளிரூட்டிகள் மிக அதிகம் இழுக்கும் மாதமும் வெயில் மிக அதிகம் தரும் மாதமும் ஒன்றாக அமைவது எல்லாக் கரையோர நகரங்களுக்கும் வாய்ப்பதில்லை. ஐப்பசி தொடங்கி மாரி மழை பிடித்ததும் உற்பத்தி இறங்கும்; ஆனால் அப்போது விடுதிகள் பாதி மூடப்பட்டிருக்கும், மழையில் நீர்த்தேக்கங்களும் நிரம்பத் தொடங்கியிருக்கும். எனவே புதிதாகக் கட்டப்படும் ஒவ்வொரு விடுதியின் கட்டட அனுமதியோடும் கூரைத் தகடு, மழைநீர்ச் சேகரிப்பு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகிய மூன்றையும் இணைத்துக் கேட்பது உள்ளூராட்சி மன்றத்தின் கைக்குள் உள்ள விடயம். கடற்கரையோரப் பகுதியாயின் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை என்பதால், இரண்டு அலுவலகங்களும் ஒரே நிபந்தனையைக் கேட்டால் தப்பிக்க வழி குறையும்.

கடலுக்குச் செல்பவர்களைப் பற்றிச் சொல்லும்போது அளந்து பேச வேண்டும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளக்காரர் பலர் கரையிலேயே இருந்துவிட்டார்கள். எரிபொருள் மாற்றத்தின் அவசியத்தை அந்த ஓகஸ்டைவிட வலிதாக யாரும் சொல்ல முடியாது. என்றாலும், ஆழ்கடலுக்குச் செல்லும் பலநாட் கலங்களை மின்கலத்தில் ஓட்டலாம் என்று இன்று சொல்பவர் கடலுக்குப் போகாதவராகத்தான் இருப்பார். மின்மோட்டார் பொருந்துவது தம்பலகாமக் குடாவிலும் கொட்டியாரக் குடாவின் உட்பகுதியிலும் குறைந்த தூரம் சென்று திரும்பும் வள்ளங்களுக்கும், புறாத்தீவுக்குப் பயணிகளை ஏற்றும் படகுகளுக்கும்தான். நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஒரு கிலோமீற்றர் அளவுதான். அந்தப் படகுகள் நாள் முழுவதும் ஒரே கரைக்குத் திரும்பி வருகின்றன. கரையில் ஒரு கூரையும் தகடும் இருந்தால் மின்னேற்றிக் கொள்ளலாம். 2003 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் ஒரு பவளப்பாறையின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்காமல் இருப்பது கூடுதல் பலன். மூதூருக்கும் திருகோணமலைக்கும் இடையே முன்பு ஓடிய படகுச் சேவையை நினைவில் வைத்திருப்பவர்கள், 2009இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் ஏனைய பாலங்களும் வந்த பிறகு அதை மறந்துவிட்டார்கள். குடாவைச் சுற்றிப் போகும் தரைவழியைவிட நேராகக் கடக்கும் ஒரு மின்படகு மீண்டும் பொருளாதார ரீதியாக நிற்குமா என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் நல்லது.

தரைப் போக்குவரத்தைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. 1927இல் திறக்கப்பட்ட கல்லோயா–திருகோணமலை ரயில் பாதை இன்னும் இருக்கிறது. சீனக்குடாவில் அரைக்கப்படும் கோதுமை மாவும் அங்கே உற்பத்தியாகும் சீமெந்தும் லொறியில் போவதற்குப் பதிலாக எவ்வளவுக்கு ரயிலில் போகின்றனவோ, அவ்வளவுக்கு டீசல் மிச்சம். நூறு மின்சார ஓட்டோக்களைவிட ஒரு சரக்கு ரயில் இந்தக் கணக்கில் அதிகம் செய்யும்.

உயிர்த்திணிவை, அதாவது விறகு போன்ற தாவரப் பொருளை எரித்து மின்சாரம் எடுப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். டோக்கியோ சீமெந்து நிறுவனம் திருகோணமலையில் உள்ள தன் ஆலைக்குக் கிளிரிசிடியா விறகில் இயங்கும் மின்நிலையம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்துகிறது. வேலி மரமாக நாம் அறிந்த கிளிரிசிடியா, வெட்ட வெட்டத் தளிர்க்கும், இலை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வயலுக்கும் உரம் தீவனம் இரண்டும் ஆகும், கொம்பு விறகாகும். சிறு விவசாயிக்கு மேலதிக வருமானமும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: வேலியிலும் மேட்டுநிலத்திலும் வளர்ந்ததை வெட்டி எரிப்பது ஒரு கணக்கு, காட்டு மரத்தை வெட்டி எரித்துவிட்டு அதையும் புதுப்பிக்கத்தக்க சக்தி என்று எழுதுவது வேறு கணக்கு. விறகு எங்கிருந்து வருகிறது என்பதைக் கேட்காமல் உயிர்த்திணிவைப் புகழக் கூடாது.

இதுவரை மின்சாரம். சூழல்நேய மாற்றம் என்பதில் மற்றப் பாதி கரையோரம். 2004 டிசெம்பர் 26இல் கிண்ணியாவும் மூதூரும் பட்ட பாட்டை இங்கு யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. அதன் பிறகு கண்டல் நடுவது ஓர் இயக்கமாகவே ஆனது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை உலகின் முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. ஆனால் சுனாமிக்குப் பின் நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 1,000 ஹெக்டெயரில் நடப்பட்டவற்றில் தங்கியது ஐந்தில் ஒரு பங்களவுதான். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்டபின் திரும்பிப் பார்க்காததுமே காரணம். நீரோட்டத்தைச் சரிப்படுத்திவிட்டால் கண்டல் விதை தானாகவே வந்து ஊன்றும். தம்பலகாமக் குடாவிலும் உப்பாற்றிலும் கொட்டியாரக் குடாவின் ஆற்று முகங்களிலும், அடைபட்ட ஓடைகளைத் திறந்துவிடுவது ஆயிரம் நாற்று நடும் விழாவைவிட அதிகம் பயன் தரும். விழாவில் படம் எடுக்கலாம், ஓடை வெட்டும் சேற்றில் யாரும் படம் எடுப்பதில்லை. அதனால்தான் நாற்று விழாக்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. கண்டலின் வேர்ச்சேறு தரைக்காட்டைவிட அதிக காபனைப் பிடித்து வைக்கிறது, இறாலும் நண்டும் குஞ்சு பொரிக்க இடம் தருகிறது, மகாவலியின் கடைசி வெள்ளம் கடலோடு முட்டும் தாழ்நிலத்தில் அலையையும் தாங்குகிறது. ஒரு மெகாவாட்டும் தராத இந்தச் சேற்று நிலத்தைக் காப்பாற்றுவது சம்பூர் நிலையத்துக்கு நிகரான காலநிலைப் பணி என்று நான் கருதுகிறேன்.

கழிவைப் பற்றி நீளமாகச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை. கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் திரியும் புள்ளிமான்கள் சாப்பாட்டுத்தாளையும் பொலித்தீன் பையையும் மெல்வதை அனைவரும் பார்த்திருக்கிறோம். உக்கும் கழிவை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்து, சந்தைக் கழிவிலிருந்து பசளையும் உயிர்வாயுவும் எடுக்கும் தொழில்நுட்பம் பழையது, எளிது. பிரித்துக் கொடுத்ததை வண்டி மீண்டும் ஒன்றாகக் கொட்டாமல் இருந்தால் போதும்.

இவற்றையெல்லாம் செய்ய அதிகாரம் யாரிடம் என்று கேட்பீர்கள். மாகாணசபை இயங்கியிருந்தால் பதில் சற்று எளிதாக இருந்திருக்கும். 13ஆம் திருத்தத்தின் மாகாண நிரல், தேசிய மின்தொகுதிக்கு ஊட்டப்படாத, நீர்மின்சாரம் அல்லாத மின்னுற்பத்தியை மாகாணத்தின் கையில் கொடுத்திருக்கிறது. மாகாணத்துக்குள் மின்பாவனையை ஊக்குவிப்பதும் அதில் அடங்கும். ஐஸ் தொழிற்சாலையின் கூரையும் தனித்தியங்கும் நீரிறைப்பு நிலையமும் அந்த வரையறைக்குள் அழகாகப் பொருந்துபவை. கிழக்கு மாகாணசபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு தேர்தல் நடக்கவில்லை. அதனால் இந்த அதிகாரம் சட்டப் புத்தகத்தில் தூங்குகிறது. தேர்தல் நடக்கும்வரை எஞ்சியிருப்பவை உள்ளூராட்சி மன்றங்கள்: கட்டட அனுமதி, தெருவிளக்கு, சந்தை, கழிவு, தம் கட்டடங்களின் கூரைகள். இவை சிறியவையாகத் தோன்றலாம், ஆனால் நான் மேலே சொன்னவற்றில் ஏறக்குறைய பாதி இந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. மற்றப் பாதிக்கு மாவட்டச் செயலகமும் மின்விநியோகத்துக்குப் பொறுப்பான பிராந்திய அலுவலகமும் நீர்வழங்கல் சபையும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகமும் ஒரே குளத்து நீரையும் ஒரே கடலையும் பங்குபோடும் மாவட்டத்தில், அந்த மேசையில் விவசாயிக்கும் மீனவருக்கும் கதிரை இல்லாமல் எடுக்கப்படும் எந்த முடிவும் நிலைக்காது. 2021 ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தைத் தடைசெய்து, பயிர் வாடி, விவசாயிகள் தெருவுக்கு வந்த பின் நவம்பரில் அதைத் திரும்பப் பெற்ற அனுபவம் நமக்கு இருக்கிறது. சேதன உரம் என்ற நல்ல சொல்லையே கந்தளாய், தம்பலகாமம் வயற்காரர் இன்று சந்தேகத்தோடு கேட்கும்படி ஆக்கிவிட்டது அந்த அவசரம். சூரியத் தகட்டுக்கும் அதே கதி வர முத்துநகர் போன்ற இன்னும் இரண்டு சம்பவங்கள் போதும்.

எங்கே தொடங்கலாம் என்று வற்புறுத்திக் கேட்டால், காணி வரைபடத்தையும், ஒரே ஒரு ஐஸ் தொழிற்சாலையையும் சொல்வேன். முதலாவதற்குச் செலவு மிகக் குறைவு. இரண்டாவதன் வரவு செலவை ஓராண்டு வெளிப்படையாக எழுதி வைத்தால், அடுத்த தொழிற்சாலைக்காரர் தானாகவே வந்து விசாரிப்பார்.

கன்னியா பற்றிய கேள்விக்கு வருகிறேன். அங்குள்ள ஏழு கிணறுகளின் நீர் குளிப்பதற்கு இதமான சூட்டில், 40 பாகை செல்சியஸுக்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கிறது. கொதிநிலையைவிடக் குறைந்த சூட்டிலும் இயங்கும் மின்நிலையங்கள் உலகில் உண்டு என்றாலும், அவற்றுக்கும் பொதுவாக 80 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே கன்னியாவிலிருந்து மின்சாரம் கிடைக்காது. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்று ஐதீகம் சொல்லும் அந்தக் கிணறுகளில், அந்தியேட்டிக்கு வருபவர்கள் வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வது தொடரட்டும்.